அடுக்கு சார் அடுக்கிய குரல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கிடங்கில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. ஸ்டோர் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் 'அடுக்கு சார்'. ஓர் ஆணிப் பெட்டி இடம் மாறியிருந்தால் போதும், மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "ஒரே சாமான் ரெண்டு இடத்துல இருந்தா, ஒரு இடத்துலயும் ஒழுங்கா இல்லன்னு அர்த்தம்" என்பது அவருடைய வேதம். சுமை தூக்குகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதை அப்படியே அவருடைய கரகரத்த குரலில் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டவருக்கு அடுக்க என்ன இருக்கிறது? சமையலறையில் கைவைத்துப் பார்த்தார். மனைவி கரண்டியை ஓங்கினாள். துணி அலமாரிக்குப் போனார், அங்கேயும் விரட்டு விழுந்தது. கடைசியில் அகப்பட்டது முன்னறை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். மகள் கல்லூரிக்குப் போகும்போது வாங்கியது. அதில்தான் அவர் மனைவியின் குரல் இருந்தது.

பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுத்தவள் அவள். ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பாள். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிரைக் கொடுத்துக் குரலை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் பேச்செல்லாம் உதட்டசைவும், சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டுவதும்தான். சாப்பிடக் கூப்பிட ஒரு தட்டு. கோபம் வந்துவிட்டால் தெருவுக்கே கேட்கும்.

அந்தப் பதிவுகளை அவள் கேட்க மாட்டாள். அழுகை வருகிறதாம். அவரோ பகல் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எப்போதும் ஒரே புவியியல் பாடம்தான். 'ஆறு மலையில் பிறக்கிறது. பிறந்த இடத்தில் அதை ஒரே எட்டில் தாண்டிவிடலாம்.' கேட்டுக் கேட்டுப் பாடமே மனப்பாடம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத ஆள், அவள் வாய் அடைபட்ட பிறகு இப்படி உருகினார். என்ன சொல்ல!

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று ஒருமுறை மகளிடம் போனில் புலம்பினார்.

"டிஃபிராக்னு ஒண்ணு இருக்குப்பா. ஃபைல் எல்லாம் துண்டு துண்டா சிதறிக் கிடக்கும். அதை ஒண்ணா சேர்த்து வைக்கும். எப்பவாவது பண்ணினா போதும்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

ஐயோ, அதை ஏன் சொன்னாளோ! திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். சிவப்பு சிதறல், நீலம் ஒழுங்கு. சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்து நீலமாகிப் போவதைப் பார்த்தவருக்குத் தன் கிடங்கே திரும்பக் கிடைத்தது போல இருந்தது. எப்போதாவது செய்ய வேண்டியதைத் தினமும் செய்தார். அந்த உற்சாகத்தில் பரணையும் விட்டுவைக்கவில்லை. அங்கே ஒரு பெட்டி நிறைய சிடிகள், மனைவி பதிவுகளுக்கு எடுத்துவைத்த நகல்கள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, ஒரே சாமான் எதற்கு இரண்டு இடத்தில்? அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். மாணவர்கள் கையில் இருந்தவையோ, அவர்கள் படித்த பயிற்சி நிலையம் மூடப்பட்டபோதே மூலைக்கொன்றாகப் போய்விட்டன.

அப்புறம் ஒரு நாள் குரல் திக்கியது. 'ஆறு ம… ம… மலையில்' என்று இழுத்து நின்றது. சிதறித்தான் கிடக்கிறது, இன்னும் நன்றாக அடுக்க வேண்டும் என்று மறுபடி டிஃபிராக் போட்டார். மறுநாள் இன்னும் திக்கியது. இன்னொரு தடவை போட்டார். பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

மனைவி வந்து நின்று அவர் தோளைத் தொட்டாள். 'ஏங்க, இருக்கிறபடி இருக்கட்டுமே' என்று உதடு சொன்னது.

"நீ சும்மா இரும்மா. சரி பண்ணிடுவேன்" என்றார். நல்ல ஆளிடம் சொன்னாள். கை சும்மா இருந்தால் அவர் அடுக்கு சாரா என்ன!

டிஸ்க் செக் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, பழுதையும் நீயே பார் என்று கட்டளை கொடுத்தார். எண்கள் ஊர்ந்தன. பாதியில் நின்றன. டக், டக், டக். அப்புறம் சத்தமும் நின்றுபோய், திரை கறுத்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன் மேஜையில் ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். போனதை மீட்டெடுக்கிற பெரிய இடத்துக்கும் அனுப்பிப் பார்த்தார். போனபடியே திரும்பி வந்தது.

"உள்ள சுத்துற தட்டே கீறிப்போச்சு சார். ஒண்ணும் எடுக்க முடியாது. சத்தம் வந்தப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

"சிதறியிருக்குன்னு நெனச்சேன்."

"டிஸ்க்கே சாகக் கெடந்திருக்கு சார். அதைப் போட்டு அங்கயும் இங்கயும் நகர்த்தினா என்ன ஆகும்? முதல்ல காப்பி எடுத்திருக்கணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்."

அடுக்கு சாருக்குத் தன் பழைய வசவே காதில் விழுந்தது. 'அலமாரி ஆடினா முதல்ல சாமானை இறக்குடா, அப்புறம் ஆணி அடி!' கிடங்கில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஜென்மம் என்று எத்தனை பேரை ஏசியிருப்பார். தன் வீட்டில் தனக்கு அது தோன்றவில்லையே! வீடு வரை அழுதுகொண்டே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அழவில்லை. புடவைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தாள். அசடே என்பது போல ஒரு சிரிப்பு சிரித்து, விரலை உயர்த்திப் பரணைக் காட்டினாள்.

அவர் தலை நிமிரவில்லை.

அவள் இன்னொரு முறை காட்டினாள். பெட்டி இவ்வளவு பெரிது என்று இரண்டு கையாலும் அளந்தும் காட்டினாள்.

"இல்லம்மா" என்றார். "அது இல்ல. நான்தான் தூக்கிப் போட்டேன். ரெண்டு இடத்துல எதுக்குன்னு… நான்தாம்மா."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பிறகு மெல்ல இறங்கின. அவள் சமையலறைக்குள் போனாள். தட்டைத் தட்டித் தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்து போனது. அப்போதும் தட்டு ஒலிக்கவில்லை.

பொறுக்க மாட்டாமல் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஆறு மலையில் பிறக்கிறது. பிறந்த இடத்தில் அதை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து, கொண்டுவந்த கல்லை…"

டங் என்று ஒரு தட்டு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பு என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

"மண்ணை… கொண்டுவந்த மண்ணை இறக்கி வைக்கிறது."

இந்த முறை தட்டவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை அவள் குரலில் நினைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப நினைத்தார். ஒரு சொல்லும் விடுபடாமல் வந்தது. ஆனால் எல்லாம் அவருடைய கரகரத்த கிடங்குக் குரலிலேயே வந்தது.