மூடிக்கு அடியில் வெள்ளை

எங்கள் ஒர்க் ஷாப்பில் என் அண்ணிக்கு மூடி டாக்டர் என்று பெயர். பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டி வந்தாலும் சரி, ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தாலும் சரி, அண்ணி முதலில் பானெட்டைத் தூக்குவார். என்ஜினுக்கு ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரிதான். ஹாரனுக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று சிரிக்கிறவர்கள், ஆயில் மாற்றி யுகமாகிறது, பொய் சொல்லாதீர்கள் என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார்கள்.

நான் அங்கே டிங்கர் வேலை பார்க்கிறேன். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. ஒர்க் ஷாப்புக்கு அண்ணிதான் முதலாளி. வீட்டுக்கும் அவர்தான், என் அண்ணன் மட்டும் அதை ஒப்புக்கொள்ளமாட்டான். அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே சவாரிக்குக் கிளம்பிவிடுவான். ராத்திரி சோறு உள்ளே இறங்குவதற்குள் இன்று ஏர்போர்ட், நேற்று பக்கத்து ஊர் என்று அளக்க ஆரம்பித்துவிடுவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு அந்தக் காரிலிருந்து ஆயில் கருகுகிற வாடை வீடு வரைக்கும் வந்தது. மூடியின் ரப்பர் செத்துப்போயிருக்கும், கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று அண்ணி தினமும் சொன்னார். அண்ணன் தினமும் சவாரியைச் சொல்லித் தட்டிக் கழித்தான். ஒருவழியாக ஒரு மத்தியானம் வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டு, நேராக ஏர்போர்ட்டிலிருந்து வருகிறேன், அசதியாக இருக்கிறது என்று பெஞ்சில் சாய்ந்தான்.

அண்ணி சொன்னது சரிதான். மூடியின் ரப்பர் வளையம் கல்லாகிக் கீறல் விட்டிருந்தது. சுற்றிலும் ஆயில் கசிந்து என்ஜின் மேல் கருகியிருந்தது. ஆனால் மூடியைத் திருப்பியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவியது போல வெள்ளையாக அப்பியிருந்தது.

ஆயிலில் தண்ணீர் கலந்தால் இப்படி ஆகும். ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றால் என்ஜினையே பிரித்துப் போட வேண்டும். அந்த வண்டியை நம்பித்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது. அண்ணி ரேடியேட்டரைத் திறந்தார், தண்ணீர் குறையவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் சுத்தமாக இருந்தது. ஊற்றுவாயைத் துணியால் துடைத்துப் புது மூடியைக் கையாலேயே இறுக்கினார். தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டேன். அண்ணியின் முகம் தெளியவில்லை.

ஏன் என்று எனக்கும் மெதுவாக உறைத்தது. கொஞ்ச தூரம் ஓடி, சூடாவதற்குள் நின்றுவிடுகிற என்ஜினில், உள்ளே வியர்க்கும் ஈரம் காயாமல் மூடியில் இப்படிப் படியும். முக்குக் கடைக்கு மட்டும் போய்வருகிற வண்டிகளில் பார்த்திருக்கிறோம். தினமும் ஏர்போர்ட் போகிற வண்டியில் இது வரவே வராது. அண்ணி கார் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். கடைசியாக ஆயில் மாற்றியபோது அவரே கதவில் ஒட்டிய எண்ணையும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் சொற்பம், வண்டி சவாரிக்கு ஓடவே இல்லை.

இன்னொரு வீடு வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? ரத்தம் கொதித்தது. என் கையில் சுத்தியல் வேறு இருந்தது.

அண்ணி கழற்றிய மூடியோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தினமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஏர்போர்ட் என்றான். பொய்யைப் பார், கூசாமல் வருகிறது என்று நான் பல்லைக் கடித்தேன். அண்ணி மூடியை அவன் காதோரமாக நீட்டினார். அவன் திரும்பவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அப்போதும் இல்லை. மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவன் கண் அசைந்தது.

அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"நேரா இருக்கிறது தெரியுது," என்றான் அண்ணன். "பக்கம்தான் தெரியல."

மழைக்கு முன்பே கண் டாக்டர் வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லையாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குடோனில் வண்டியை நிறுத்திவிட்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான், என் அண்ணன். இன்றுகூட முக்கு வரை குடோன் ஆள் ஒருவன்தான் வண்டியை ஓட்டிவந்து விட்டானாம். சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவனைச் சந்தேகப்பட்டதற்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்போ பாப்பாவ எப்படிக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"அவ முன் சீட்டுல உக்காந்து ரெண்டு பக்கமும் பாத்துச் சொல்லுவா. போலாம்பான்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நாலு ரோடு கூடும் இடம் ஒன்று இருக்கிறது. லாரிகள் நிற்காமல் போகும். நானே பைக்கில் தயங்கித் தயங்கித்தான் அதைக் கடப்பேன். பாப்பா நாலாவதுதான் படிக்கிறாள்.

அண்ணி அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவரோ சாவியை எடுத்துச் தன் வேலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். நாலு ரோட்டில் அவர் ரொம்ப நேரம் நின்றார். லாரிகள் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயின. நகரவே இல்லை. கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டது. பாப்பா அம்மாவைப் பார்த்தாள். காரைத் தேடினாள். கார் இல்லை என்றதும் அவள் முகம் மாறியது. அண்ணி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அப்பா எல்லாம் சொல்லிவிட்டார் என்றார். பாப்பாவுக்கு உதடு பிதுங்கியது.

"அம்மா, நான் ஒரு தடவகூடத் தப்பாச் சொல்லலம்மா."