நான் மழுக்கிய கத்தி

விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வரும். அதற்குள் குளித்து, டிபன் பாக்ஸ் கட்டி, யாருக்கும் தெரியாமல் ஒரு திருட்டு வேலையும் செய்தாக வேண்டும். சமையலறைக் கத்தியை எடுத்துப்போய்ப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் அதன் வாயைப் பதித்து நாலு இழுப்பு இழுப்பேன். இருந்த கொஞ்சநஞ்சக் கூரும் போய்விடும். பிறகு கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். என் வீட்டுக்காரர் அப்போது நல்ல தூக்கத்தில் இருப்பார்.

அவர் புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் இருபது வருஷம் பழம் நறுக்கியவர். கொட்டையில் ஒரு பொட்டு சதை ஒட்டாது. வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்து இறங்கியதும் ஆட்கள் வேண்டாம் என்றார்கள். பையன் குவைத்துக்கு டிரைவராகப் போனான். நாங்கள் திருப்பதிக்கு வந்து இரண்டு ரூம் வாடகைக்குப் பிடித்தோம். செல்போனுக்கு வயர் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது, சமையல் அவர் கைக்குப் போனது. ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் வைக்கிற கத்திரிக்காய்க் குழம்பு எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

சர்க்கரை வியாதியில் அவருக்கு ஏற்கனவே ஒரு கால்விரல் போயிருந்தது. செருப்புக் கடித்த சின்னப் புண், அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது டாக்டர் இடதுகை விரல் நுனிகளில் ஊசியால் தொட்டுப் பார்த்தார். இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எப்போது குத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கையில் காயம் பட்டால் அவருக்கே தெரியாது, பட்டால் ஆறாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பையன் போனில், நைனாவைக் கத்தியைத் தொட விடாதே என்று கத்தினான். குவைத்தில் இருந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருநாள் கத்தியை ஒளித்தும் பார்த்தேன். அவர் பீன்ஸை நகத்தாலேயே கிள்ளிப் பொரியல் செய்து வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால் பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் நானே வேறு கத்தி பார்த்தேன். கடைக்காரர் வரிசையாக எடுத்துப்போட்டார். எதைப் பார்த்தாலும் எனக்கு வீட்டுக்காரர் விரல்தான் தெரிந்தது. கடைசியில் முனை உருண்டையாக, பிளாஸ்டிக் பிடியோடு, இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தேன். அது ரொட்டிக்கு வெண்ணெய் தடவத்தான் லாயக்கு என்று கடைக்காரர் தெலுங்கில் சொல்லிப் பார்த்தார். என் போறாத காலம், காதில் ஏறவில்லை. அந்தக் குட்டிக் கத்தியே முதல் நாள் தக்காளியை நன்றாக வெட்டியது. மறுநாளிலிருந்து கல்லில் தேய்க்க ஆரம்பித்தேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. வெண்டைக்காய் நசுங்கிக் கொழகொழவென்று வந்தது. தக்காளி கூழாக வந்தது. அவர் பேச்சும் குறைந்தது. சாப்பிட்டு முடித்ததும் வலதுகையை விரிப்பார், மூடுவார், மறுபடி விரித்துப் பார்ப்பார். பயம் வந்துவிட்டது, இனி ஜாக்கிரதையாக இருப்பார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என்ன மனுஷி நான்! கம்பெனியில் யார் போன் அடித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

ஒருநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை வைத்தார். ஓரத்தில் சிவப்பாக விரல் தடம். குழம்பு பட்டிருக்கும் என்றார். நான் அவர் இடதுகையைப் பிடித்துத் திருப்பினேன். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் சதை பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை என்னோடு சேர்ந்துதான் முதல்முறையாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிய நர்ஸம்மா, எந்தக் கத்தி என்று கேட்டார். கூரான கத்தி பட்டால் கோடு போட்டதுபோல நேராக இருக்கும், இது கிழிந்திருக்கிறது என்றார். மழுங்கிய கத்தி காயை வெட்டாமல் வழுக்கும், அமுக்க அமுக்க விரலுக்குத்தான் வரும், முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விரல் போனால் நானல்லவா எடுத்தவள்! புண் ஆறி முடிய ஒன்றரை மாதம் ஆனது. விரல் தப்பியது.

அதற்கப்புறம் அவரையே கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ரம்பம்போல் பல் வைத்த ஆறு கத்திகள் ஒரு பெட்டியில் இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் தட்டில் வைத்த பெரிய கறித்துண்டை அறுத்துத் தின்பதற்கு என்றார் கடைக்காரர். தட்டுக்கு வந்த பிறகும் கறியை அறுக்க வேண்டுமென்றால் ஆக்கினவன் என்ன கிழித்தான் என்று இவர் கேட்க, கடையே சிரித்தது. தக்காளிக்கு அது நன்றாக இருக்கும், ஆனால் வீட்டில் சாணை பிடிக்க முடியாது என்றார் கடைக்காரர். பிறகு அகலமான கத்தி ஒன்றை எடுத்தார். பிடி சொரசொரப்பாக, ஈரக்கையிலும் வழுக்காமல் இருந்தது. பிடித்த விரல் காய் நறுக்கும் பலகையில் இடிக்கவில்லை. வெட்டிப் பார்க்கத் தக்காளியும் தந்தார்.

இவர் கத்தியை மேலே வைத்து லேசாக இழுத்தார். தக்காளி இரண்டாகி விழுந்தது. இன்னொன்று கேட்டு வாங்கி மெல்லிய வில்லைகளாக அரிந்தார். கண் கலங்கியிருந்தது.

"கையில பலம் அப்பிடியேதான் இருக்குதும்மே," என்றார். "நாலு மாசமா ஒரு வெண்டைக்காய் அறுக்க முடியல. கால்விரல் போன மாதிரி இந்தக் கையும் போயிட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்கிட்ட சொன்னா வேலைய வுட்டுட்டு வந்து குந்திக்குவ. அதான் சொல்லல."

கத்தியைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரைகூட என்னால் தாங்க முடியவில்லை. கடை வாசலிலேயே நின்றேன்.

"நான்தான்யா. தெனம் காலையில கத்திய தொவைக்கிற கல்லுல தேய்ச்சி மொக்க பண்ணிட்டுப் போனேன்."

நடுத்தெருவில் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வலதுகையை விரித்து மூடி, மறுபடி விரித்துப் பார்த்தார்.

"அப்ப எங்கை நல்லாத்தான் இருந்திச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.