ஆறாவது குரல்

இதை நம்பும்படி நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 2002ஆம் ஆண்டு, ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. போகியும் அமாவாசையும் சேர்ந்து வந்த நாள். மறுநாள் போலீஸ் கேட்டபோது நேரங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. எழுதியவை எல்லாம் உண்மை. ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

என் பெயர் சாலமோன். ராயபுரத்தில் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. கல்லாவில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான் என்று அவர் என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டார். நான் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். ஆறு ஒற்றையாள் துடுப்புப் படகுகள், ஒரு ஃபைபர் போட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள்ளிருந்து வருகிறவர்களை ஆற்றில் கூட்டிப் போய், அலையாத்திச் செடிகளையும் பறவைகளையும் காட்டி, சாம்பல் திட்டில் இறக்கி, இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவருவேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து வெளுத்துப்போன மணல் திட்டு அது. பகலில் அழகாக இருக்கும். ஓதம் ஏறிக் கடல்நீர் உள்ளே வந்தால் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போகும்.

போட் தள்ள ஜெயவேல் இருந்தான். குப்பத்துப் பையன், முப்பது வயது. அவன் தம்பி மதி ஐந்து வருடங்களுக்கு முன் அதே திட்டுக்கு நண்டு பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. உரச்சாக்கில் தெர்மாகோல் அடைத்து அம்மா தைத்துக் கொடுத்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான் என்பார்கள். உடலைப் பார்க்காமல் காரியம் செய்யமாட்டேன் என்று அவர்கள் அம்மா மலர்க்கொடி இன்னும் பிடிவாதமாக இருந்தார். ஜெயவேல் அதைப் பற்றிப் பேசமாட்டான். நானும் கேட்கமாட்டேன். நாங்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசாமல் இருக்கக்கூடியவர்கள். அதனால்தான் ஒத்துப்போனது.

வேலைக்குச் சேர்ந்தபோது அவன் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான்.

"விளக்கு வச்சப்புறம் தண்ணி மேல யார் பேரையும் கூப்டாதணா. வேற எதுனா கேட்டுக்கினு இருக்கும்."

நான் சிரித்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வருகிறவர்களுக்கு எண் கொடுத்தேன். லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் பெயிண்டால் ஒன்று முதல் ஆறு. படகிலும் அதே எண். கிளம்பும்போதும் திரும்பும்போதும் அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஆறு வரை வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். பெயருக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, எண்ணுக்குக் கிடையாது என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று ஐந்து பேர் ஒரே அலுவலகம். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி. தவசிமுத்து அவர்களுக்குத் தலைவன் மாதிரி. எண் ஒன்று. கடைசியில் அனிஷா, எண் ஐந்து. ஆறாவது ஆள் தனியாக வந்தவர். ரஷீது. பழைய வண்ணாரப்பேட்டை. நாற்பது வயதிருக்கும். பறவை பார்க்க வந்தேன் என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆனது. திக்குவாய். நீச்சலும் தெரியாது.

4:05. கிளம்பும் முன் எண்ணிக்கை. ஐந்து எண்களும் மளமளவென்று வந்தன. பிறகு...

"ஆ... ஆ... ஆ..."

"பாய், நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நாங்க போய்ட்டே வந்துருவோம்!" என்றான் தவசிமுத்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரஷீதும் சிரித்தார், "ஆறு" என்று முடித்துவிட்டு.

எனக்கு வெட்கமாக இருந்தது. படகில் ஏற்றும்போது அவர் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலைக் காட்டினேன்.

"பேச்சு வரலைன்னா இத ஆறு தடவை ஊதுங்க. நீங்கதான்னு தெரிஞ்சுக்கறேன். எங்கயாவது மாட்டிக்கிட்டா நண்டு வலைக்கம்பு நட்டிருக்கும், ஜாக்கெட் வார அதுல கட்டிக்கிட்டு அப்படியே நில்லுங்க. தண்ணி இழுத்துட்டுப் போவாது. நான் வந்துருவேன்."

அவர் மூன்று முறை தலையாட்டினார். நல்ல மாணவனைப் போல.

4:50க்குத் திட்டில் இறங்கினோம். காலையில் கொளுத்திய டயர் புகை இன்னும் கலையாமல் வானத்தில் தங்கியிருந்தது. ஐந்து பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ரஷீது திட்டின் மறுபக்கம், அலையாத்திப் புதருக்கு அப்பால் உள்ளான் பறவைகளைப் பார்க்கப் போனார். ஐந்தே முக்காலுக்குத் திரும்ப வேண்டும் என்றேன். சரி என்று கையைக் காட்டினார்.

6:03க்குச் சூரியன் விழுந்தது. புகையால் அதற்கும் முன்பே இருட்டிவிட்டது. ஓதம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

"நேரமாவுதுணா. ஏத்து ஏத்து," என்றான் ஜெயவேல்.

திரும்பும்போது யாரையும் துடுப்பு போடவிடுவதில்லை. ஆறு படகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முன்னால் ஃபைபர் போட்டில் ஜெயவேல் கழி ஊன்றித் தள்ளுவான். வலைகள் இருப்பதால் இன்ஜின் கிடையாது. நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

முடிச்சு போடுவது எப்போதும் ஜெயவேல்தான். அன்றும் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு படகாகக் கட்டிக்கொண்டே இருட்டுக்குள் போனான். ஆறாவது படகைக் கட்டி முடிக்க அவனுக்கு அதிக நேரம் பிடித்தது. திரும்பி வந்தவன் என்னைப் பார்க்கவில்லை.

"கடைசி ஆளு வந்துட்டாரா?"

"குந்திகினு கீறாரு."

6:20. எண்ணச் சொன்னேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"ஆறு."

தெளிவாக வந்தது. ஒரே மூச்சில்.

திக்கவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். இருட்டில் கூச்சம் விட்டுப் போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவருக்காகக் கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தேன்.

போட் நகர்ந்தது.

கயிறு வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. கடைசியில் ஏதோ கனமாக இழுத்தது. டார்ச் அடித்தேன். வெளிச்சம் நான்காவது படகோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் அனிஷாவின் ஜாக்கெட் மங்கலாக. அதற்கும் பின்னால், உட்கார்ந்த உருவம் ஒன்று. அசையாமல்.

"விளக்க அணைணா." ஜெயவேலின் குரல் மாறியிருந்தது.

அணைத்தேன்.

6:38. அனிஷா கூப்பிட்டாள்.

"சார்... பின்னாடி இருக்கறவர் நனைஞ்சுட்டாரா?"

"ஏம்மா?"

"தண்ணி சொட்டிட்டே இருக்கு சார். நிக்கவே மாட்டேங்குது."

தவசிமுத்து சிரித்தான். "பாய், பயத்துல ஒண்ணுக்கு போய்ட்டீங்களா?"

சொட்டுச் சத்தம் மட்டும். டப்... டப்... டப்...

பிறகு யாரும் சிரிக்கவில்லை.

6:45. அப்போதுதான் கேட்டது.

விசில்.

நாங்கள் விட்டு வந்த திட்டின் பக்கமிருந்து.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து... ஆறு.

நின்றது.

மறுபடியும் ஆறு.

அந்த விசிலை யாருக்குச் சொல்லிக் கொடுத்தேனோ அவர் என் கயிற்றில் இருக்கிறார். எண்ணியாகிவிட்டது. அப்படியென்றால் அங்கே ஊதுவது யார்?

"ஜெயவேலு..."

"திரும்பாதணா."

"ஆறு தடவை ஊதுது."

"ஊதும். நீ அவர்கிட்ட சொன்னப்போ அதுவும் கேட்டுக்கினு இருந்திருக்கும். நம்மள இஸ்துக்கப் பாக்குது. திரும்பாத."

பெயரைக் கூப்பிடலாம். ஒரே ஒரு முறை. 'ரஷீது சார்' என்று வரிசையின் கடைசியைப் பார்த்துக் கேட்டால் போதும். வாயைத் திறந்தேன்.

ஜெயவேலின் ஈரக் கை என் வாயைப் பொத்தியது.

"சொல்லாத," என்றான். கெஞ்சுகிற மாதிரி. "ஒன் காலப் புடிச்சுக்கறேன். சொல்லாதணா."

அவன் அழுதுகொண்டிருந்தான். பயத்தில் என்று நினைத்தேன்.

எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"ஆறு."

சரியாக இருந்தது.

விசில்...

சரியாகத்தான் இருந்தது.

நான் திரும்பவில்லை.

7:25. கரை. ஐந்து பேரும் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டுத் தங்கள் வேனுக்கு ஓடினார்கள். ஆறாவது ஆள் என்னைத் தாண்டிப் போனார். அமாவாசை இருட்டு. முகம் தெரியவில்லை. சேற்று வாடை மட்டும் பலமாக அடித்தது.

"சார், டீ குடிச்சிட்டுப் போங்க."

திரும்பவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய், சுவரில் ஜாக்கெட் மாட்டும் ஆணி வரிசையில் ஆறாவதில் தன் ஜாக்கெட்டைத் தானே மாட்டினார். பிறகு வெளியே வந்து நடந்தார். பஸ் நிறுத்தம் இடப்பக்கம். அவர் வலப்பக்கம், குப்பத்துக்குள் போனார். வழி தெரிந்த மாதிரி.

ஜெயவேல் அவர் பின்னாலேயே போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நான் மற்ற ஐந்தையும் இருட்டிலேயே மாட்டிவிட்டு, கதவைச் சாத்தி, அரிக்கேன் விளக்கை ஏற்றி, ஆணிச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறு. இடைவெளி. ஆறு. எட்டு மணிக்கு மேல் இடைவெளி நீண்டது. பிறகு ஆறு ஐந்தாகியது. நான்காகியது. கடைசியில் ஒன்றே ஒன்று, நீளமாக, தண்ணீர் கலந்த மாதிரி.

9:05க்கு நின்றது.

அது போய்விட்டது என்று நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இதைத்தான் நோட்டில் எழுதவில்லை.

காலை 6:40. கதவு தட்டும் சத்தம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சைக்கிளோடு நின்றார்.

"நா சௌக்கத் அலி. எந்தம்பி ரஷீது நேத்து இங்க வந்தான். இன்னும் வூட்டுக்கு வரலீங்க."

"எல்லாரும் திரும்பிட்டாங்களே பாய். எண்ணித்தான் கூட்டி வந்தேன்," என்றேன். அவருக்குக் காட்டுவதற்காகக் கதவை அகலத் திறந்தேன். ஆறு ஆணியிலும் ஆறு ஜாக்கெட் தொங்கின.

ஐந்து ஆரஞ்சு நிறம்.

ஆறாவது உரச்சாக்கு. உள்ளே தெர்மாகோல். கையால் தைத்த தையல். மடிப்பெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயவேலின் வீட்டுக்கு ஓடினேன். சௌக்கத் அலி ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தார். வாசலில் மலர்க்கொடி பொங்கல் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வருடங்களில் அந்த வாசலில் நான் பார்த்த முதல் கோலம்.

"வாப்பா! ராத்திரி எம்புள்ள மதி வந்தான்பா," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு வார்த்த பேசல. மூணு தபா சோறு வாங்கித் துன்னான். படுத்தான். விடியசொல்ல பாக்கறேன், ஆளக் காணோம். ஆனா வந்தாம்பா."

உள்ளே பாய் நனைந்து கிடந்தது. சாம்பல் கலந்த சேறு, ஒரு ஆள் படுத்த அளவுக்கு.

ஜெயவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கழியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

7:30க்கு ரஷீதைப் பார்த்தோம். ஓதம் இறங்கியிருந்தது. புதருக்கு அப்பால், நண்டு வலைக்கம்பில் தன் ஜாக்கெட் வாரைக் கட்டிக்கொண்டு நின்றார். இடுப்புவரை சேற்றில் புதைந்திருந்தார். ஜாக்கெட் மிதக்கப் பார்த்திருக்கும். வார் விடவில்லை. நல்ல முடிச்சு. விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. நான் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்திருந்தார்.

சௌக்கத் அலி தம்பியின் வாயிலிருந்து விசிலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"இத்த ஊதியிருப்பானே. யார் காதுலயும் விழலியா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். நான் படகுகளை விற்றுவிட்டேன். மார்ச் மாதம் ஒரு மாலை, கொட்டகையைப் பிரிக்க ஜெயவேல் வந்தான். முதலில் தகரங்களை அடுக்கினோம். ஆணிகளைப் பிடுங்கும்போதுதான் கேட்டேன்.

"மதி எப்படிடா அங்க மாட்டினான்?"

அவன் ஐந்தாவது ஆணியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்.

"நாந்தான் போட் தள்ளிக்கினு போனேன். நண்டுக்குப் போனவங்க ஆறு பேரு. இருட்டிச்சு. பேரக் கூப்ட பயம், எண்ணிப் பாத்தோம். கடைசில ஆறுன்னு ஒரு கொரலு வந்துச்சு. யார் கொரலுன்னு தெரில. கெளம்பிட்டேன். தம்பி பின்னாடி கத்திக்கினே இருந்தான். பேய்னு நெனச்சு திரும்பல."

ஆறாவது ஆணியைப் பிடுங்கி என் கையில் வைத்தான்.

"இந்த தபா கொரலு தெரிஞ்சுதுணா. கவுறு கட்டசொல்ல தம்பி மூஞ்சியும் தெரிஞ்சுது. அதான் கட்னேன்."