புது ஸ்டீயரிங்கை முதலில் யார் பிடிப்பது

கம்ப்யூட்டரில் கார் கேம் ஆட வைத்திருந்த என் பழைய ஸ்டீயரிங்கில் வளைவு வந்தால் கைக்கே தெரியாது. அதனால் என் சம்பளத்தில், வளைவில் நிஜக் கார்போலக் கையை இழுக்கும் மோட்டார் வைத்த புதியதைச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிவந்து மேசையில் பொருத்தினேன். அம்மா சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினாள். உட்காரப் போனேன், அப்பா தம்பியைக் கூப்பிட்டார்.

“புது வண்டிய ஆம்பளதான் முதல்ல எடுக்கணும்.”

“இது வண்டியில்லப்பா, கேம்.”

“ஸ்டீயரிங் இருக்குல்ல?”

இந்த வீட்டில் முதலில் படித்தவள் நான். அதற்கு எந்த ஆம்பளைக்காகவும் நான் காத்திருக்கவில்லை.

முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் தம்பியின் கையை இழுத்தது; கார் சுவரில் மோதியது. “வீல் சரியில்லக்கா,” என்றான்.

பழத்தைச் சரியாகச் சுற்றவில்லை என்று அப்பா அம்மாவைத் திட்டினார்.

தம்பியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அந்த வளைவை மோதாமல் கடக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கடந்த பிறகும் ஸ்டீயரிங்கை விடவில்லை.