ஏழுமலையின் படகு வளையம்

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்தவர் கடலோரத்தில் குடியிருந்திருக்க மாட்டார், அடையாற்றில் எஸ்.எஸ். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நான் இதை அடித்துச் சொல்வேன். பால்கனிக் கம்பியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்த ராஜா அண்ணாமலைபுரத்துச் சக பாவிகளே, படகுக்காரர் படும் பாட்டையும் கேளுங்கள்.

பாலவாக்கத்து ஏழுமலையின் ஃபைபர் படகுக்கு, முன்மூக்கில் ஒரு எஸ்.எஸ். வளையம் போட்டுக்கொடுத்தேன். கடலில் நங்கூரக் கயிறு அதில்தான் நிற்கும். அது விட்டால் படகு போச்சு, ஆளுக்கும் உத்தரவாதமில்லை.

பளபளப்பு

சில வாரத்திலேயே வளையத்தில் பழுப்புப் புள்ளிகள். நல்ல ரகத்தில்தானே செய்தோம் என்று எனக்குக் குடைச்சல். நேரில் போய்ப் பார்த்தால், ஏழுமலையின் மனைவி செல்வி அதைச் சட்டி தேய்க்கும் இரும்பு நாரால் மினுக்கியிருந்தார். நாரின் துகள் ஒட்டிக்கொண்டு, அதுதான் துருப்பிடித்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் போதும் என்றேன். செல்விக்கு மனசே வரவில்லை.

"புதுப் பொருளுண்ணா. சும்மா தண்ணி ஊத்தி வுட்டா மரியாதயாவா கீது?"

குழாய்

அடுத்தது கயிறு. வளையத்தில் உரசி உரசி நூல் நூலாகப் பிரிந்தது. உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைக் கயிற்றுக்கு உறையாக மாட்டச் சொன்னேன். ஏழுமலையும் மாட்டினார். ஆனாலும் கயிறு தேய்ந்தது. குழாயை இறுக்கிக் கட்டாததால் அலை ஆட்ட ஆட்ட அது நழுவி, உரசலே இல்லாத இடத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஏழுமலை அதை முறைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, வேலை கீற எடத்த வுட்டுட்டு நகந்துகினே போவுது?"

மஞ்சள் கயிறு

ஆயுத பூஜைக்குச் செல்வி வளையத்தில் மஞ்சள் கயிறு சுற்றி, மேலே குங்குமம் அப்பியிருந்தார். மாதங்கள் கழித்து நான் போனபோதும் அது அப்படியே இருந்தது. அதன் அடியிலிருந்து மட்டும் பழுப்பாக ஒரு கோடு வடிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, இங்கே மட்டும் ஏன்? கயிற்றைக் கொஞ்சம் அவிழ்க்கலாமா என்று கேட்டேன்.

செல்வியின் முகம் மாறிவிட்டது. புருஷன் கடலிலிருந்து திரும்ப வேண்டும் என்று கட்டிய மஞ்சள் கயிறு. அதை அவிழ் என்று ஒருவன் வந்து கேட்டால்? கேட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஏழுமலை மறுநாள் கடலுக்குப் போகிறார். எஸ்.எஸ்.ஸுக்குக் காற்றுப் பட வேண்டும், உப்புத்தண்ணீர் ஊறிய நூல் மூடிக்கிடந்தால் உள்ளேயே அரித்துவிடும் என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தானே அவிழ்த்தார்.

அடியில் குழி. குழியில் மயிரிழை விரிசல். சுத்தியலால் லேசாகத் தட்டியதும் வளையம் இரண்டாகப் போயிற்று.

அன்றே புது வளையம் போட்டேன். செல்வி புது மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்துவந்து வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"இனிமே நீ வந்து பாத்துக்கினே இருண்ணா. அதான் உன் கைல கட்டிட்டேன்."

அன்றிலிருந்து மாதம் தவறாமல் பாலவாக்கம் போய் வருகிறேன். துருப்பிடிக்காத எஃகுக்குக் காவலாக ஓர் ஆளும் வேண்டும் என்று விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.