மிளகாய்த் தோட்டத்துக்குக் குறுக்கே ரயில்

மதுரையிலிருந்து போடி வரைக்கும் ரயில் பாதை போடுகிறார்கள் என்றதும் ஊரே துள்ளியது. நான் துள்ளவில்லை. பாதை தேனிக்கு மேற்கே என் தோட்டத்துக்குள் நுழைந்து, அதை இரண்டு துண்டாக்கிவிட்டுப் போனது. கிணறு தெற்கே, மிளகாய் வடக்கே, நடுவில் தண்டவாளம்.

சர்வேக்காரர்கள் சங்கிலியும் கையுமாக வந்து, என் நிலத்தில் என்னைக் கேட்காமலே கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விற்க இஷ்டமா என்று ஒரு வாய்வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டுச் சந்தையில் கிழட்டு எருமை வாங்குகிறவன்கூடத் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிறான். சர்க்காருக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. பொதுக் காரியம் என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்தவன் நிலம் அவர்கள் நிலமாகிவிடும்.

மாடு பூட்டிக் கமலையில் இறைத்த தண்ணீர் மிளகாய்க்குப் போய்ச் சேர வேண்டுமே, அதற்காகப் பாதையின் மண்கரைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைப் புதைத்துக் கொடுத்தார்கள். அதுவும் நான் கேட்டதல்ல. நான் கேட்டது கல் பாலம். குழாய்க்குள் மாதம் ஒரு தவளை போய் உட்கார்ந்துகொள்ளும். குச்சியை விட்டு அதைக் குத்தி வெளியேற்றும்போதெல்லாம் லண்டனில் இருக்கிறவர்கள் வரைக்கும் திட்டுவேன்.

என் வீட்டுக்காரிக்கு ரயில் என்றால் உயிர். அவளுடைய ஆத்தா வீடு ஆண்டிபட்டியில் இருந்தது. முன்பெல்லாம் நான் மனசு வைத்து வண்டி பூட்டினால்தான் பயணம். ரயில் வந்த பிறகு காலையில் கிளம்பி, ஆத்தாவுக்குத் தலைவாரிப் பேன் பார்த்துவிட்டு, அந்திக்கெல்லாம் திரும்பிவிடுவாள். ஒருநாள் ரயிலடியில் வடை வாங்கித் தின்றதாக வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"பொம்பளை நாலு பேரு பாக்க நின்னுக்கிட்டு வடை திங்கிறதா?" என்று குதித்தேன்.

"நின்னு திங்கல. ரயிலுக்குள்ள பலகை போட்ருக்காகல்ல, அங்கன உக்காந்துதான் தின்னேன்" என்றாள்.

நான் மட்டும் அந்த ரயிலில் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அதனால் ரயிலுக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை.

என் அபிப்பிராயங்களையெல்லாம் காப்பிக் கடையில் வைத்துச் சொல்வேன். காப்பியையும் அங்கே உட்கார்ந்துதான் திட்டுவேன். நீராகாரம் குடித்த வயிறு காப்பிக்கு ஏங்குகிறது, குடுமி வைத்த தலையெல்லாம் கிராப்பு வெட்டிக்கொள்கிறது, ஒரு பேசும்படம் பார்க்க வேலைவெட்டியைப் போட்டுவிட்டு மதுரைக்கு ரயிலேறுகிறார்கள், பெரிய மனிதர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தோளிலேயே கிடக்கிறது என்று அடுக்குவேன். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ரங்கூன் அரிசி. கப்பலில் வந்து இறங்கி, ரயிலேறி, எங்கள் நெல்லின் விலையை எங்கள் ஊரிலேயே கவிழ்த்தது. அதைத் தடுக்க வேண்டிய நேரத்தில் சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. தலையிட வேண்டாத இடத்தில்தான் தலையிடும். இன்றைக்கும் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குப் பெர்மிட், துணிக்குப் பெர்மிட், என் வயலில் விளைந்த நெல்லை என் மச்சான் வீட்டுக்கு அனுப்பவும் பெர்மிட். ரங்கூன் அரிசி நின்றுபோனது. ஒரு தமுக்குக்காரன் வந்து, எல்லோரும் அதிகமாகப் பயிர் செய்ய வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு சொல்லிவிட்டுப் போனான். அவன் போட்ட சத்தம் அடங்கும் முன்பே ஓர் ஓவர்சியர் கூலியாட்களோடு வந்து தண்டவாளத்தைக் கழற்ற ஆரம்பித்தார். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வெளுத்து வந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். வீட்டுக்காரி மாட்டைக் கமலையில் பூட்டி நிறுத்திவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நிலம் எனக்குத் திரும்பி வந்துரும்ல?" என்று ஓவர்சியரிடம் கேட்டேன்.

"நிலம் சர்க்காருடையது. யுத்தம் முடிஞ்சா மறுபடியும் பாதை போடுவோம். கரையில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார். சுருள் மீசைக்காரர். வெயிலில் கறுத்துக் களைத்துப் போயிருந்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூலியாட்கள் கரையைத் தோண்டி என் குழாயை வெளியே இழுத்தார்கள். அதுவும் இரும்புதானே. இழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடி, மேலே மிதித்தும் விட்டார்கள். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. முந்தின நாளே தண்ணீர் விட்டிருக்க வேண்டும், இலையெல்லாம் சுருண்டிருந்தது. அந்த வருஷம் நெல்லைச் சர்க்கார் கொள்முதலுக்கு அளந்துவிட்டதால், அந்த மிளகாயை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"ஐயா, குழாயை எடுத்தா தண்ணி எப்படிங்க போகும்?"

"குழாயை விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப கரையை வெட்டிக்கிறேங்க."

"அதுக்கு உமக்கு அதிகாரம் இல்லை."

அதிகமாகப் பயிர் செய்யச் சொன்னதும் இதே சர்க்கார்தானே என்று நாக்கின் நுனிவரை வந்தது. வருஷக்கணக்காகக் காப்பிக் கடையில் சர்க்காரைக் கிழித்துத் தொங்கவிட்டவன், சர்க்கார் நேரில் வந்து நின்றதும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரியகுளம் தாலுகா கச்சேரிக்கு மனு எழுதினால் எத்தனை மாதத்தில் பதில் வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கும் பொறுமையாகவே பதில் சொன்னார்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினேன். என் வீட்டுக்காரி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கரைமேல் நின்று மண்வெட்டியால் அந்தப் புதுமண்ணை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். கூலியாட்கள் கடப்பாரையை ஊன்றியபடி வாய் பிளந்து நின்றார்கள்.

"ஏ, நிறுத்து! கேஸாகிரும்" என்று ஓடினேன்.

அவள் நிறுத்தவில்லை. "எங்க ஆத்தா வீட்டுக்குப் போற வழிய எடுத்துட்டாக. கேட்டமா? யுத்தம்னாக, சரின்னு விட்டாச்சு. தண்ணி போற வழியவும் எடுத்தா நாங்க மண்ணையா திங்கிறது?" என்றாள். கண்ணீர் தாடைவரை வந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் வெட்டுவதை விடவில்லை. அந்த ரயிலை அவள் எவ்வளவு நேசித்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓவர்சியர் கையில் பென்சிலோடு வந்தார். "யார் கரையை வெட்டினது?" என்றார். பார்த்துக்கொண்டே வந்தவர்தான், ஆனாலும் கேட்டார்.

"நான்தாங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் என் வேட்டியைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டு மண் இல்லை. பிறகு முழங்கால்வரை மண் அப்பிக்கிடந்த அவளைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

"நீர் வெட்டினதா? அரைகுறையா வெட்டியிருக்கீரே. இதுல தண்ணி எப்படி ஏறும்? இன்னும் ஆழமா வெட்டும்" என்று சொல்லிவிட்டு, குழாயைத் தூக்கச் சொல்லிக் கூலியாட்களை முன்னே விரட்டிக்கொண்டு போடிப் பக்கமாக நடந்தார்.

நான் அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுக் கரையோரத்தில் உட்கார்ந்தாள். நான் வெட்ட வெட்ட, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.