சிறிய நாட்டின் தூதர் வந்துபோன வீடு

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கும் நல்ல மனிதர்கள் மனம் நோவார்கள். எழுதாவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு எந்த நாடென்று தெரியும். வடக்கே, பனிக்குள், மீனும் எண்ணெயுமாக இருக்கிற ஒரு சிறிய நாடு. அதன் சனத்தொகை லண்டன் சனத்தொகையைவிடக் குறைவு. இலங்கையில் எங்கள் ஊரில் சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கிய காலத்தில், லண்டன் ஹரோவில் அந்த நாட்டைப் பற்றிப் பேசாத தமிழ் ஆம்பிளை கிடையாது. அதன் தலைநகரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாதவர்கள் அதன் வெளிநாட்டுக் கொள்கையை மணிக்கணக்காக அலசினார்கள். பெண்கள் தேநீர் ஊற்றினோம்.

நான் அப்போது அக்கா வீட்டு மேலறையில் இருந்தேன். என் கணவர் வேலைக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. கவுன்சிலிலும் ஆஸ்பத்திரிகளிலும் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அத்தானுக்கு வெம்பிளியில் கடை, ஹரோவில் இந்த வீடு, ஊர் விடயங்களுக்காக நடத்தும் சங்கம் ஒன்றில் தலைவர் பதவி. அவர் காலையில் புறப்படும்போது விதவையான நான் எதிரே வந்துவிடக் கூடாது. அதனால் வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நான் படியிறங்க மாட்டேன். இப்படிச் செய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியவைக்கிற கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு.

அக்காவின் மூத்த பிள்ளை, மகள், ஊரில் இருந்தாள். அத்தான் முதலில் லண்டன் வந்து, பிறகு அக்காவைக் கூப்பிட்டபோது, ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்ட் கைக்குழந்தையான மகனை மட்டும்தான் சேர்த்துக் கொண்டுவருவேன் என்றான். மகளை வன்னியில் அத்தானின் தமக்கையிடம் விட்டுவிட்டு அக்கா அழுதுகொண்டு விமானம் ஏறினாள். விசா கிடைத்ததும் கூப்பிடலாம் என்றார்கள். வருடக்கணக்காக இழுத்து, கடைசியில் விசாவும் கிடைத்தது, சண்டை நின்று வன்னிப் பாதையும் திறந்தது. அக்கா வெம்பிளியில் அவளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கி, கட்டிலில் விரித்து வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொழும்புக்கு வரவேண்டிய கிழமையில், டியூஷன் முடிந்து வந்த வழியில், சண்டைக்கு ஆள் சேர்க்கவென்று அவளை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வயது பதினாறு.

அக்கா அத்தானின் காலைப் பிடித்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நிலத்தில் இருந்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் விடுவாங்கள். இவ்வளவு காலமும் அவங்களுக்காக ஓடித் திரிஞ்சனீங்கள்தானே."

அத்தான் சோபாவில் இருந்தபடியே கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மற்ற ஆக்களின்ர பிள்ளையள் போகேக்க மேடையில நிண்டு கை தட்டினனான். இப்ப என்ர பிள்ளைக்கு மட்டும் அழச் சொல்லுறீரோ? சனம் காறித் துப்பும்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அநியாயக்காரனோடு சண்டை பிடிக்கலாம், வாயைத் திறந்தால் நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது? அக்கா எழும்பிப் போய்ச் சோறு வடித்தாள்.

இரண்டொரு மாதத்தில் வீட்டுக்கு ஒரு பெரிய செய்தி வந்தது. அந்தச் சிறிய நாட்டின் தூதர் ஒருவர் லண்டனில் தங்கி, அடுத்த நாள் இலங்கைக்குப் பறக்கிறார், அங்கிருந்து நேரே வன்னிக்குப் போகிறார். போவதற்கு முன் இங்குள்ள தமிழர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறார். சங்கம் எங்கள் வீட்டைத் தெரிந்தெடுத்தது. அத்தானுக்குக் கால் நிலத்தில் படவில்லை. முன் தோட்டத்துப் புல்லை வெட்டுவித்தார், கம்பளத்தைக் கழுவுவித்தார். கம்பளம் காய்ந்த கையோடு எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தனிப்பட்ட கதை ஒண்டும் வேண்டாம். அந்த மனுசன் ஒரு இனத்தின்ர விசயமா வாறார். நீ நாங்கள் சொல்லுறதை மட்டும் இங்கிலீசில சொன்னால் காணும்" என்றார் என்னைப் பார்த்து. அக்காவைப் பார்த்து, "றால் பொரியல் நல்லா முறுகட்டும்" என்றார்.

தூதர் ஒரு சனிக்கிழமை மாலை, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்தே வந்தார். காருக்காகப் பார்த்திருந்த சங்கத்தாருக்கு இதுவே பெரிய அதிசயம். எங்களைப் போலவே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. சங்கத்தார் அந்த விரலைப் பார்க்காமலிருக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. அவர் றாலைக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். ஆளாளுக்கு நீட்டி முழக்கிய பேச்சையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். கடைசியில் ஒருவர், உங்கள் நாடு ஏன் எங்களுக்காக இவ்வளவு பாடுபடுகிறது என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார்.

தூதர் விரல்களைத் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார். பொய் சொல்லாத மனிதர், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நாங்கள் சிறிய நாடு. யாரையும் பயமுறுத்தும் படை எங்களிடம் இல்லை. பெரிய நாடுகள் எங்களை மதிக்க வேண்டுமென்றால், அவர்களால் செய்ய முடியாத ஒன்றை நாங்கள் செய்துகாட்ட வேண்டும். சண்டை பிடிக்கிற இரண்டு பக்கமும் எங்கள் தொலைபேசி அழைப்பை எடுப்பார்கள். எங்களிடம் உள்ள ஒரே சொத்து அதுதான். அதைக் காப்பாற்றுவதுதான் எங்கள் முதல் வேலை."

நான் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

"பாத்தியளே, எங்களில எவ்வளவு அன்பு!" என்றார் கண் கலங்கியவர்.

அன்பு என்று ஒரு சொல் தூதரின் வாயிலிருந்து வரவில்லை. தங்கள் நாட்டுக்கு எது லாபம் என்பதை அந்த மனிதர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், இவர்கள் அதை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அதையும் மொழிபெயர்க்கச் சொல்வார்களோ என்று பார்த்தேன், நல்லவேளை சொல்லவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் வீடுகளில் விருந்தாளி தனியாக நிற்பது சப்பாத்துப் போடும்போது மட்டும்தான். ஆட்கள் உள்ளே கதைத்துக்கொண்டிருப்பார்கள், அவர் வாசலில் குனிந்து நாடாக் கட்டுவார். அந்த நேரத்தில் அக்கா மகளின் படத்தை நீட்டுவாள், நான் நாலு வசனம் சொல்லுவேன். ஆனால் அன்றைக்குச் சங்கம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. அத்தான் சப்பாத்து மாட்டும் கரண்டியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் கைகுலுக்கினார்கள். அவர் படியிறங்கி, நடந்தே போகிறேன் என்று நிலையத்துப் பக்கம் திரும்பினார். சங்கத்தார் கூட்டத்தை மெச்சுவதற்காக உள்ளே போனார்கள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அக்கா உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"பின்னால கூப்பிடாதையடி! நாளைக்கு அங்க போற மனுசன். என்ர பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போறார்."

புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் அது மட்டும் எங்களை விடவில்லை.

"அப்ப பின் ஒழுங்கையால ஓடிப்போய் முன்னுக்கு நிப்பம், வா."

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் முன்னுக்கு நிக்கிறன்" என்றாள். "நீ முன்னுக்கு வராதை."

கூடப்பிறந்தவள். என் கணவர் செத்த நாளில் என்னைத் தூக்கி நிறுத்தியவள். அவள் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனாலும் ஓடினேன். குசினிக் கதவால் வெளியேறி, வீடுகளின் பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையால், வீட்டுச் செருப்போடும் கறி மணக்கும் சேலையோடும் அக்கா முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். வீதி திரும்பும் இடத்தில் அக்கா அந்த மனிதரின் எதிரே போய் நின்று கும்பிட்டாள். நான் அவருக்குப் பின்னால் போய் நின்று பேசத் தொடங்கினேன். அவர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். அக்கா அவரது கோட்டுக் கையைப் பிடித்துத் திரும்பவும் தன் பக்கமே திருப்பிவிட்டாள்.

அப்படியே ஒரு மனிதரின் முதுகுக்கு மொழிபெயர்த்தேன். பிள்ளையின் பெயர், வயது, எங்கே வைத்துப் பிடித்தார்கள், விசா கிடைத்தது, கட்டிலில் குளிர்ச்சட்டை இருக்கிறது, எல்லாம் சொன்னேன். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. காதுகள் சிவந்ததுதான் தெரிந்தது.

"எனக்கும் மகள் இருக்கிறாள்" என்றார். "ஆனால் நான் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளையும் பற்றிக் கேட்க வேண்டும். நான் நீதிபதி இல்லை, நடுவில் நிற்கிறவன். இப்படிக் கேட்கத் தொடங்கினால் அடுத்த முறை எங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் திரும்பச் சண்டை வரும், இன்னும் எத்தனையோ பிள்ளைகள் சாவார்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"ஏலாதாம்."

"முழுக்கச் சொல்லு."

"முழுக்கச் சொன்னாலும் ஏலாதாம்தான்."

அக்கா அழவில்லை. படத்தை அவர் கையில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிள்ளையின் பெயரை, சரியா என்று கேட்பது போல, ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார், சரியாகவே சொன்னார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிலையத்துக்குப் போனார்.

அதன்பிறகு அந்த நாட்டை நான் திட்டாத நாளில்லை. சூப்பர்மார்க்கெட்டில் அவர்களுடைய மீனைக்கூடத் தொடமாட்டேன். தொலைபேசி எடுக்க வைப்பதற்காகப் பிள்ளைகளை விற்கிறவர்கள் என்று மொழிபெயர்க்கப் போன ஆஸ்பத்திரிகளிலெல்லாம், கேட்காத தாதிமாருக்கும் சொன்னேன். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தான்கூட, "சின்ன நாடு, அவங்களும் என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்புவார்.

மகள் இயக்கத்தில் இருந்தபடியே இடைக்கிடை தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசுவாள். சுகம் என்பாள், அம்மா சுகமா என்பாள், அதற்குள் தொடர்பு போய்விடும். பிறகு அதுவும் நின்றது. சண்டை திரும்பத் தொடங்கியது. அந்தச் சிறிய நாடு கவலை தெரிவித்தது. கடைசி மாதங்களில் நாங்கள் எல்லாரும் லண்டன் பாராளுமன்றத்துக்கு எதிரே போய் நின்று, சண்டையை நிறுத்து என்று கத்தினோம், அக்கா தொண்டை கட்டி வாயசைத்துக்கொண்டு மட்டும் நின்றாள். எல்லாம் முடிந்தபின் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். கடற்கரைப் பக்கத்துப் பதுங்குகுழி ஒன்றுக்குள் பிள்ளை கிடந்ததைத் தான் கண்டதாகச் சொன்னாள். குளிர்ச்சட்டை அதற்குள் பழைய மோஸ்தராகிவிட்டிருந்தது. அக்கா அதை ஒருவருக்கும் கொடுக்க விடவில்லை.

சங்கம் வெம்பிளியில் ஒரு மண்டபம் எடுத்து அஞ்சலிக் கூட்டம் வைத்தது. மேடையில் பிள்ளையின் படம், மாலை, விளக்கு. முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அன்றைக்குச் சாவுக் காரியம் என்பதால் நான் முன்னுக்கு வரலாம். சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"சமாதான காலத்தில எங்கட சங்கத் தலைவற்ற வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுத் தூதர் வந்தவர், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் வன்னிக்குப் போய், பேச்சுவார்த்தை எல்லாம் முடிஞ்ச பிறகு, இயக்கத்தின்ர மேலிடத்தைத் தனியக் கண்டு, இந்தப் பிள்ளையின்ர பேரைச் சொல்லி, விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மேலிடமும் சம்மதிச்சு, விடுறம் எண்டு எங்கட தலைவருக்குப் போன் எடுத்தது. நான் பக்கத்தில நிண்டனான். தலைவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'எல்லாற்ற பிள்ளையளையும் விட்டால் என்ர பிள்ளையையும் விடுங்கோ. இல்லாட்டி அவள் அங்கயே நிக்கட்டும்.' இப்பிடி ஒரு தகப்பனை எந்த நாட்டில காணுவியள்?"

மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தத் தூதர் கேட்டிருக்கிறார். தன் நாட்டின் ஒரே சொத்தைப் பணயம் வைத்து, யாருக்கும் சொல்லாமல், சரியாக உச்சரித்த அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். அவர் தன் நாட்டின் கொள்கையை ஒருமுறை மீறினார். அத்தான் தன்னுடையதை மீறவில்லை. எனக்கு எழும்பிப் போய் அந்த மாலையைப் பிய்த்து அத்தானின் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் சனம் வரிசையாக வந்து அத்தானின் கையைப் பற்றியது, பிறகு அக்காவிடம் வந்தது. முதலில் வந்தவர் செயலாளர்.

"நீங்கள் ஒரு பெரிய தாய், அக்கா" என்றார்.

"உங்கட பிள்ளை எங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவர் குசலம் விசாரிப்பதாக நினைத்துவிட்டார். "மூத்தவனோ? மெடிசின் படிக்கிறான் அக்கா. இந்த வருசத்தோட முடியுது."

அடுத்து ஒரு பெண், கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"உங்கட பிள்ளை எங்க?"

"அவளுக்கு வேலை அக்கா, பாங்கில. வரேலாமல் போச்சு."

அன்று தூதரின் பேச்சில் கண் கலங்கி அன்பைக் கண்ட அந்தப் பெரியவரும் வந்தார்.

"உங்கட பிள்ளை எங்க?"

"மகன் கார் பார்க்கில நிக்கிறான், பிள்ளை. என்னை ஏத்திக்கொண்டு போக வந்தவன்."

அதற்குள் பின்னால் நின்றவர்களுக்கு விளங்கிவிட்டது. சிலர் வரிசையை விட்டுத் தேநீர்ப் பக்கம் போனார்கள். சிலர் அக்காவைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் கடந்தார்கள். அவர்களிடமும் கேட்டாள், ஒரே குரலில், ஒருவரையும் விடாமல். வரிசை கரைந்து முடிந்ததும் அத்தான் கார்ச் சாவியோடு வந்தார்.

"காணும், எழும்பும். வீட்டை போவம்" என்றார்.

அக்கா எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட பிள்ளை எங்க?" என்று கேட்டாள்.